யார் வீட்டுக் குடம்

டோரதிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துத்தான் பையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதர் பொறாமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால், நம்மை மனசில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று முக்காட்டை வெடுக்கென இழுத்துவிட்டுக்கொள்வாள். சந்து முனையில் அவள் போடும் ஆப்பக் கடையில் யாராவது ஆப்பம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட, இவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவள் யோசிக்காமல் நம்பிய ஒரே இடம் தண்ணீர் வரிசை.

வடசென்னை டோல்கேட்டைத் தாண்டி உள்ளே போகும் அந்தச் சந்தில் அடிபம்புத் தண்ணீர் எண்ணெய் வாடை அடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் லாரி வரும். எத்தனை மணிக்கு என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் விடிந்ததும் வீட்டுக்கு ஒரு குடம் வரிசையில் உட்கார்ந்துவிடும். குடம் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. முன்னால் இடம் விழுந்தால், பின்னால் நிற்கிறவள் காலால் முன் குடத்தையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டும். லாரி வந்தும் குடத்துக்காரி வரவில்லை என்றால் அவளே பிடித்து ஓரமாக வைக்க வேண்டும். இது சட்டம்.

இந்தச் சட்டத்துக்குள் இன்னொரு சட்டம் இருந்தது. குடத்தை வரிசையில் வைத்த பெண் லாரி வரும்வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருத்தி முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். ஒருத்தி கடலோரம் கொட்டிய பாறைமேல் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். நைட்டி தைக்கும் ரிஃபானா கிளை நூலகத்துக்குப் போவாள். புருஷனோ மாமியாரோ வந்து தேடினால் பின்னால் நிற்கிறவள் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: "இப்ப தான் இங்க நின்னுகினு இருந்தா." அந்த நேரம் மட்டும் அந்தப் பெண்களுக்குச் சொந்தமான நேரம். யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, சத்தியம் வாங்கவில்லை. டோரதிகூடக் கேள்வி கேட்காமல் தள்ளினாள்.

அவளுக்கு முன்னால் எப்போதும் நிற்பது தங்கபுஷ்பத்தின் ஆரஞ்சுக் குடம். இடுப்பில் விரிசல் விட்டிருந்ததைப் பழைய வாளியின் பச்சைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தாள். தங்கபுஷ்பம் அந்த நேரத்தில் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். மூடிக் கிடக்கும் கம்பெனி ஒன்றின் பின்பக்க மைதானத்தில், மகளிர் குழுக்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள். லைசென்ஸ் கிடைத்தால் குழு மூலமாகவே ஒரு ஆட்டோவும் கிடைக்கும். வீட்டில் புருஷன் வரதனிடம் ஒருமுறை பேச்செடுத்துப் பார்த்தாள். எல்.எல்.ஆர். தாளை அவர் நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார். இரண்டாவதாக வாங்கிய தாள் டோரதியின் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது.

வரதன் டிரைலர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் கண்டெய்னரோடு நாள்கணக்கில் காத்திருந்து காத்திருந்து, டீசல் திருடுகிறவன், சீல் உடைக்கிறவன் என்று எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்தே அவருக்கு வயசாகிவிட்டது. அந்தப் பார்வையை வீட்டு வாசலில் கழற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஒரு நாவல் வந்தது. பெயர் 'ஆள் இல்லாத குடம்'. எழுதியவர் தாழங்கனி என்று அட்டையில் இருந்தது. அது புனைபெயர் என்றார்கள். புகைப்படம் கிடையாது, ஊர் கிடையாது. பெண்தானா என்பதே சந்தேகம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். பெண்தான், ஆணால் இவ்வளவு கோபத்தைப் பொறுமையாக எழுத முடியாது என்று இன்னொருவர் பதில் எழுதினார். ஏதோ பரிசு கிடைத்தது. கல்லூரிப் பெண்கள் குடம் வரைந்த பனியனைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து அது குடும்பத்தைக் கெடுக்கும் நூலா, காப்பாற்றும் நூலா என்று தொண்டை கிழியப் பேசினார்கள்.

ரிஃபானா அதை நூலகத்தில் எடுத்துவந்து வரிசையில் சத்தமாகப் படித்தாள். லாரிக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு அது நன்றாகப் பொழுது போயிற்று. மாமியார் வரும் இடங்களில் சிரித்தார்கள். முதல் ராத்திரி வரும் இடத்தில் ரிஃபானா குரலை இறக்க, எல்லாரும் குடத்தோடு நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். "நம்ப கதய எழுதுன மேரி கீது" என்று ஒருத்தி சொன்னபோது அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

ஏழாம் அத்தியாயம் வந்தது. அதில் வாசுகி என்பவள் தண்ணீர் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நடந்து போகிறாள். பின்னால் நிற்பவள் அவள் குடத்தைக் காலால் தள்ளுகிறாள். புருஷன் வந்து கேட்கிறான். "இப்பதான் இங்கே நின்றுகொண்டிருந்தாள்" என்கிறார்கள். ரிஃபானா அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வரியை அவள் மெதுவாகப் படித்தாள். வாசுகியின் குடம் ஆரஞ்சு நிறம். இடுப்பில் வேறொரு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய தழும்பு.

எல்லாக் கண்களும் தங்கபுஷ்பத்தின் குடத்தின்மேல் போய் நின்றன. பிறகு ரிஃபானாவின்மேல் வந்தன.

"இன்னா இது?" என்றாள் டோரதி.

"எனக்கு இன்னாக்கா தெரியும். புக்குல கீறத தான் படிச்சேன்."

"புக்குல எப்டி வந்துச்சு?"

ரிஃபானா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் என்ன சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்கப் போவதில்லை. அந்தச் சந்தில் புத்தகம் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். படித்ததைப் பற்றி போனில் ஏதோ குழுவில் எழுதுகிறவளும் அவள்தான். நூலகத்தில் யார் யாரோ வருவார்கள், பேசுவார்கள். முகத்தைக் காட்டாத எழுத்தாளருக்குக் கதை எங்கிருந்து கிடைக்கும்? டோரதிக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவளுக்கு எப்போதும் எல்லாம் கச்சிதமாகத்தான் பொருந்தும்.

"பேசுறதுக்கு முன்னாடி உஷாரா இருங்கடி" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள். "நாளிக்கி எட்டாவது பாகத்துல யாரு வண்டவாளம் வருதோ."

அன்றோடு வாசிப்பு நின்றது. அதைவிடப் பெரிய விஷயமும் நின்றது. யாரும் குடத்தை விட்டு அகலவில்லை. கணவன்மார் அந்த அத்தியாயத்தைப் படித்திருப்பார்களோ, படித்தவன் எவனாவது சொல்லியிருப்பானோ என்று ஒவ்வொருத்திக்கும் உள்ளுக்குள் உதறல். புருஷன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தால்கூட, தெரிந்துவிட்டது என்றே தோன்றியது. முகத்துவாரக்குப்பத்து அம்மா மகளைப் பார்க்காமல் போனில் அழுதாள். வெளியே ஊரெல்லாம் அந்த நாவல் பெண்களை வீட்டைவிட்டு வெளியே நடக்கச் சொல்கிறது என்று பேசிக்கொண்டிருந்தது. இந்தச் சந்தில் அது வந்ததிலிருந்து ஒருத்தியும் நடக்கவில்லை.

ரிஃபானாவின் நீலக் குடத்தை யாரும் தள்ளவில்லை. திட்டவில்லை, சண்டை போடவில்லை. காலை மட்டும் நீட்டவில்லை. அவள் குனிந்து தானே தள்ளிக்கொள்வதற்குள் இரண்டு குடம் முன்னால் புகுந்துவிடும். அப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி, டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் அவள் இடம் நிலைத்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லலக்கா" என்று டோரதியிடம் ஒருமுறை வந்து சொன்னாள். டோரதி ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டோரதி எம்.கே.பி. நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு புக்கு வந்து கீதாமே, கொடம்னு. அது எங்க தெருவ பத்தி தான்க்கா."

டோரதியின் கை தட்டில் நின்றது. "உங்க தெருவா?"

"பின்ன? நாங்க கொடத்த வெச்சுட்டு போறது, தள்றது, எல்லாம் அப்டியே கீதாம். ஆரஞ்சு கொடம் கூட கீது. எங்க தெருவுல ஒட்டு போட்ட ஆரஞ்சு கொடம் ஒண்ணு இருந்துச்சு. ரமாபாயி தான் எவ கிட்டயோ ஒளறி இருப்பா. வாத்தியாரு வூட்டுல வேல செய்றா இல்ல. இப்ப நாங்க யாரும் அவ கூட பேசறதில்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். டோரதியும் யோசித்தாள். ரிஃபானாவின் நாத்தனார் எம்.கே.பி. நகரில்தானே இருக்கிறாள் என்று யோசித்தாள். இவள் அங்கேயும் போய்த் தகவல் எடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு இன்னொரு துண்டு வஞ்சிரம் போடச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் பயந்தது நடந்தது. வரதன் ஆப்பம் வாங்க வந்தவர், வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். கையில் போன். அதில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வடசென்னைப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு எங்கே போகிறார்கள் என்று புருஷன்மார் யோசிக்க வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தார். டிரைலர் டிரைவர்களின் குரூப்பில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"டோரதி, நம்ப லைன்ல இப்டி எதுனா நடக்குதா?"

"எனக்கு இன்னா தெரியும். நான் பாட்டுக்கு நிப்பேன், ரொப்புவேன், வருவேன்."

"லைனுன்னா இன்னான்னு எனக்கு தெரியும். நாங்களும் தான் வண்டிய லைன்ல போட்டுட்டு டீக்கட பெஞ்சுல தூங்குறோம். பின்னால கீறவன் ஹாரன் அடிச்சு எழுப்புவான்." சொல்லும்போதே அவர் கண் சுருங்கியது. "அப்போ பொம்பளைங்களும் செய்வாங்க தானே?"

அவர் போனதும் டோரதி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்று மாலை தங்கபுஷ்பம் அரிசி டப்பாவைத் தேடி வந்தாள். தாளை எடுத்துத் தேதியைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட். எட்டு போட வேண்டும். அந்த வாரத்தோடு எல்.எல்.ஆர். காலாவதியாகிவிடும். வெள்ளிக்கிழமையை விட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் வரதனுக்குத் தெரியாமல் இருக்கப்போவதில்லை. தெரிந்தால் அப்புறம் ஆட்டோ என்கிற வார்த்தையையே அந்த வீட்டில் எடுக்க முடியாது.

"ஒரே ஒரு நாளுக்கா. தள்ளு."

"உன் புருசன் மோப்பம் புடிச்சுகினு கீறான்டி."

"தெரியும். காத்தால டீய குடுத்தா டம்ளர பாக்காம என் மூஞ்சிய பாக்குறாரு. எனக்கு பயமா தான் கீது. ஆனா போவாம இருந்தா இந்த பயம் காலம் பூரா கூட வரும்."

டோரதிக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. இரண்டையும் சேர்த்து, "போய் தொல" என்றாள்.

வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பம் ஆரஞ்சுக் குடத்தை வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். டோரதி அரிசியை மாவு மிஷினில் கொடுத்துவிட்டு வந்து, தன் பச்சைக் குடத்தோடு அதற்குப் பின்னால் நின்றாள். வெயில் ஏறியது. லாரியைக் காணோம். அன்று அங்கே ஆள் இல்லாத குடம் அந்த ஆரஞ்சுக் குடம் ஒன்றுதான்.

சந்து முனையில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. வரதன்.

டோரதி முதலில் பார்த்தது வரதனை அல்ல, வரிசைக் கடைசியில் நின்ற ரிஃபானாவை. இவள்தான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். வேறு யார்? டோரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் கையில் ஆப்பக் கரண்டி இருந்திருந்தால் எறிந்திருப்பாள்.

வரதன் வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டே வந்தார். ஆரஞ்சுக் குடத்துக்கு நேர் எதிரே வந்து நின்றார். அவர் செருப்பு நுனிக்கும் குடத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"எங்க அவ?"

"இப்ப தான் இங்க..." என்று டோரதி ஆரம்பித்தாள்.

"அத்த சொல்லாத. அது புக்குல கீற டயலாக்கு. நான் கேட்டுட்டேன்."

இத்தனை வருஷம் அத்தனை பெண்களுக்கும் குடையாக இருந்த ஒற்றை வசனம் அதோடு செத்தது. டோரதி வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"மாவு மிஷினுக்கு நான் தான் அனுப்பினேன். கூட்டமா கீதாம்."

"எந்த மிஷினு?"

"எந்த மிஷினா? இந்த ஊருல எத்தினி மிஷினு கீது?"

வரதன் அவளை உற்றுப் பார்த்தார். டிரைலருக்கு அடியில் டீசல் வாளியோடு பிடிபட்டவனைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "வரட்டும். எங்க சுத்தினாலும் கடைசியா கொடத்தாண்ட வந்து தானே ஆவணும். நான் நிக்கிறேன்." குனிந்து குடங்களைப் பார்த்தார். "எங்க வூட்டு கொடம் எது?"



அவர்களுக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சந்தில் எந்தப் பெண்ணையும் தூக்கத்தில் எழுப்பி ஒரு குடத்தைக் காட்டினால் யார் வீட்டுக் குடம் என்று சொல்லிவிடுவாள். அதனால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நாவலில் அந்தத் தழும்பைப் படித்த மாத்திரத்தில் ஊரே தங்கபுஷ்பத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று நடுங்கினார்கள். ஒருத்தி அம்மாவைப் பார்க்காமல் இருந்தாள், ஒருத்தி கடலைப் பார்க்காமல் இருந்தாள். இந்த மனுஷன் கல்யாணமானதிலிருந்து அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார், ராத்திரி வந்து முகம் கழுவுகிறார். ஒட்டுப் போட்ட ஆரஞ்சுக் குடம் காலடியில் இருக்க, எங்கள் வீட்டுக் குடம் எது என்று கேட்கிறார்.

"தோ, இது தான்ணா."

குரல் கடைசியிலிருந்து வந்தது. ரிஃபானா தன் நீலக் குடத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி முன்னால் நகர்த்தினாள்.

"அக்கா பாத்துக்க சொல்லிட்டு போனாங்க. அதான் நான் நின்னுகினு கீறேன். நீங்க நிக்கிறீங்களா?"

வரதன் வரிசையின் கடைசிக்குப் போனார். குடத்தை ஒருமுறை பார்த்தார். அவருக்குச் சந்தேகம் எல்லார்மேலும் இருந்தது, அந்தக் குடத்தின்மேல் மட்டும் இல்லை. டிரான்ஸ்பார்மர் நிழலில் கையைக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் நின்றார். அங்கிருந்து பார்த்தால் சந்து முனை தெரியாது.

"அப்போ நான் கெளம்பறேன்ணா" என்றாள் ரிஃபானா. டோரதியைத் தாண்டிப் போகும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடை மட்டும் வேகமாக இருந்தது. இவள் இப்போது எங்கே ஓடுகிறாள், போய் இன்னும் என்ன பண்ணப் போகிறாளோ என்று டோரதி சந்து முனைவரை அவளையே பார்த்தாள்.

லாரி ஆடி அசைந்து வந்தது. குழாயைப் போட்டார்கள். முன்னால் இடம் விழ விழ டோரதி தன் குடத்தையும் ஆரஞ்சுக் குடத்தையும் காலால் தள்ளினாள். பின்னால் வரதனும் நீலக் குடத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்று பழகியவர், அழகாகவே தள்ளினார். யாரும் நடுவில் புகவில்லை. ஆரஞ்சுக் குடத்தின் முறை வந்ததும் டோரதி அதைப் பிடித்து, அவர் பார்க்கப் பார்க்க ஓரமாக வைத்தாள். அவர் பார்வை அதன்மேல் போனது, அப்படியே தாண்டியும் போனது. அவர் தேடியது தன் பெண்டாட்டியை.

நீலக் குடம் குழாய்க்கு அடியில் போன நேரத்துக்குப் பின்சந்து வழியாகத் தங்கபுஷ்பம் வந்தாள். இடுப்பில் டோரதியின் மாவு டப்பா. கையெல்லாம் வெள்ளை. டோரதி டப்பாவைப் பார்த்தாள். மிஷின்காரன் முகம் தெரியாதவர்களிடம் மாவைத் தர மாட்டான். ரிஃபானாவிடம் தருவான், அதே கடையில்தான் அவளும் அரைப்பாள். எந்த மிஷின் என்று வரதன் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுவரத்தான் அவள் ஓடியிருக்கிறாள், பஸ் ஸ்டாப்பில் தங்கபுஷ்பத்தைப் பிடித்து டப்பாவைக் கொடுத்திருக்கிறாள்.

"எங்க போய் தொலஞ்ச மே?" என்றார் வரதன்.

"மிஷின்ல கரண்டு போச்சு. நீ இன்னாத்துக்கு இங்க நிக்கிற? பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

வரதன் சுற்றிப் பார்த்தார். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் அவர் தண்ணீர் பிடிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் இறுகியது. "கொடம் ரொம்பிருச்சு, எடு" என்று சொல்லிவிட்டுப் பைக்கைப் பார்க்க நடந்தார்.

தங்கபுஷ்பம் நீலக் குடத்தைப் பார்த்தாள். ஓரமாக நின்ற ஆரஞ்சுக் குடத்தைப் பார்த்தாள். வேறெதுவும் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாவு டப்பாவை டோரதியிடம் நீட்டினாள். மூடிமேல் படிந்திருந்த மாவில் விரலால் ஒரு எட்டு போட்டு, டோரதி பார்த்ததும் முந்தானையால் துடைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நீலக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் நடந்தாள்.

ரிஃபானா கொஞ்சம் கழித்துச் சந்து முனை வழியாக வந்தாள். லாரி போயிருந்தது. ஈரத் தரையில் ஆரஞ்சுக் குடம் மட்டும் நிறைந்து நின்றது, பக்கத்தில் டோரதி.

"எடுத்துகினு போ" என்றாள் டோரதி. வாரக்கணக்கில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "உங்க வூட்ல கொடம் வேணாமா?"

ரிஃபானா எடுத்துக்கொண்டு போனாள். டோரதி அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டாள். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை. "அந்த ரமாபாயி கொடத்த தள்ளுங்கடி" என்றாள். ஏன், என்ன ஆச்சு என்று தங்கை கேட்டதற்கு, "சொல்றத செய்" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வரிசை கூடியது. இப்போது தங்கபுஷ்பத்துக்கு நீலக் குடம், ரிஃபானாவுக்கு ஆரஞ்சு. திரும்ப மாற்றிக்கொள்ள முடியாது. வரதனுக்குத் தன் வீட்டுக் குடம் எது என்று தெரிந்துவிட்டது. இனி அவர் எப்போது வந்து எட்டிப் பார்த்தாலும் நீலக் குடம் வரிசையில் இருக்கும், அவரும் நிம்மதியாகப் போவார். லைசென்ஸ் தபாலில் வரும் நாளில் என்ன ஆகும் என்பது வேறு சண்டை. அதற்குத் தங்கபுஷ்பம் இப்போதே தயாராகிக்கொண்டிருந்தாள்.

ரிஃபானா ஆரஞ்சுக் குடத்தைப் பழக்கத்தில் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். டோரதி போய் அதைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவந்து தனக்கு முன்னால் வைத்தாள்.

"லைப்ரரி இன்னிக்கி தொறந்து கீதா?"

"தொறந்து கீதுக்கா."

"அப்போ போ. அந்த புக்க திரும்ப எடுத்துகினு வா. அந்த வாசுகி இன்னா ஆனான்னு தெரியாம வுட்டுட்டோம்."

ரிஃபானா நகரவில்லை. "அக்கா, நான் யார் கிட்டயும் சொல்லல. இப்பயாச்சும் நம்பறியா?"

டோரதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நன்றி இருந்தது, வெட்கமும் இருந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"டவுட்டு அப்டியே தான் கீது" என்றாள். "நீ போய்ட்டு வா. நான் தள்றேன்."

ரிஃபானா போனாள். முன்னால் ஒரு இடம் விழுந்தது. டோரதி காலை நீட்டி ஆரஞ்சுக் குடத்தைத் தள்ளினாள்.